டீச்சருக்காகச் செய்த சைலன்சர்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்து அவருடைய கார் பேசிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் குடியிருந்த சந்துக்குள் அந்தக் கார் நுழைந்தால் எதிர்வீட்டுத் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்ளும். அந்த வீட்டுக்காரி ஜன்னலை அறைந்து சாத்துவது எனக்குத்தான் கேட்கும், அவருக்குக் கேட்காது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று சிலிண்டர் இன்ஜின் வைத்த சின்னக் கார், எங்களுக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டி அலுத்தது. சாலை பஜாரில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் மனிதர், அதை வாங்கி வந்த வேகத்தில் அதனுடைய புகைக்குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். பதிலுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீலில் அகலமான குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். வீட்டில் குத்துவிளக்கு கறுத்துக் கிடக்கும்.

அந்தக் குழாயைச் செய்து கொடுத்தவர் கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எங்கள் நாகர்கோவில்காரர்தான். ஊர்க்காரர் என்பதால் அவரைத் திட்டுவதில் எனக்குக் கூடுதல் உரிமை இருந்தது. அங்கே வந்து கூடுகிற இன்னொருவர் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிற மலையாளி லெக்சரர். மூவரும் சேர்ந்துவிட்டால் உலகமே புகைக்குழாய் வழியாகத்தான் நடக்கிறது என்பது போலப் பேசுவார்கள். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிவது இருக்கட்டும், எரிந்தது எவ்வளவு சீக்கிரம் வெளியே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறதாம். பழையது போனால்தான் புதியதற்கு உள்ளே இடம். இதைக் கல்யாணமான முதல் வருஷத்திலேயே எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிவிட்டார்கள்.

புதிதாக ஒரு குழாய் மாட்டினால் அங்கே ஒரு சடங்கு உண்டு. வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். ஒரு வண்டிக்குச் 'செண்டை' என்று பெயர் கிடைக்கும், இன்னொன்றுக்குத் 'தொண்டை கட்டின பாகவதர்'. எங்கள் காருக்குச் 'சிறுத்தை' என்று மற்ற இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் கேட்காமலே இரண்டு தோசை கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு வேலை கிடைத்தது அந்த வருஷம்தான். தமிழ் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு வந்த வேலை. போனக்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். தேயிலை பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்க வேண்டும். தற்காலிக வேலைதான். ஆனாலும் உத்தரவு கையில் வந்த அன்று, என்னை யாராவது கிள்ளிப் பார்க்க மாட்டார்களா என்றுதான் இருந்தது.

முதல் நாளே ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் மலையேற முடியாமல் நின்றுவிட்டார்கள். காலையில் ஆசிரியர் இல்லாவிட்டால் பிள்ளைகளைச் சும்மா விட முடியாது, பக்கத்து அறையில் மலையாளம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார்ந்த பிள்ளைகள் சில பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இதைப் பார்த்த கல்வி அதிகாரி, இந்த வருஷமும் தமிழ் வகுப்பு முதல் மணியிலிருந்து ஒழுங்காக நடக்காவிட்டால் அடுத்த ஜூனில் அது இருக்காது என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு டீச்சரோட பாடமெல்லாம் பின்னே மதி," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "முதல் பீரியடுக்கு ஆள் வேணும். அது மட்டும் போதும், மதி."

வகுப்பு இல்லாவிட்டால் நானும் இல்லை. அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் என் வேலையை மட்டும் நினைத்து வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பாதிதான். அந்தப் பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சுப் பேசுவார்கள், விளையாட்டில் மலையாளத்தில் சண்டை போடுவார்கள், எழுதச் சொன்னால் இரண்டிலும் முழிப்பார்கள். தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டிய ஒரு சின்னப் பெண், அதைச் சிலேட்டிலிருந்து அழிக்க மாட்டேன் என்று மத்தியானம் வரை சிலேட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வேறு வேலை தேடிப் போக என்னால் முடியாது.

நாலு வயது மகளை விட்டுவிட்டு மலையில் தங்கவும் வழியில்லை. தம்பானூரில் முதல் பஸ் பிடித்தால் மலையடிவாரத்து வித்துரா போய்ச் சேரலாம். ஆனால் அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் காலை பஸ் அதற்குள் போய்விட்டிருக்கும். அடுத்தது மத்தியானம். ஜீப் உண்டு, ஆள் நிறையாமல் அது அசையாது. நான் தினமும் இரண்டாவது பீரியடில்தான் போய் நின்றேன். என் பிள்ளைகள் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வருவார்கள். நாளாக ஆக, எழுந்து வருவதிலேயே ஒரு தயக்கம் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு, வேலையை விடப் போகிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்து முடித்தார். "காரை நீ எடுத்துக்கோ," என்றார். "வித்துராவில போட்டுக்கிடலாம். தினம் இங்கிருந்தே ஓட்டுனா பெட்ரோலுக்குக் கட்டாது, பஸ்ல அங்க வரைக்கும் போ. பின்னே கார்ல மேல ஏறு."

"அப்போ நீங்க?"

"எனக்கென்ன, சாலைக்குப் பஸ் இருக்கே."

லைசென்ஸ் என்னிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா எடுக்க வைத்தது. ஆனால் மகளைக்கூட யோசித்துத்தான் மற்றவர்கள் கையில் கொடுக்கிற மனிதர், அந்தக் காரை இப்படி ரசத்தோடு ரசமாகக் கொடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வித்துராவில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் பலாமரத்தடியில் கார் நின்றது. பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சி வைக்கிற அக்காவும் வித்துராவிலிருந்துதான் வர வேண்டும். பயறு மூட்டையும் கையுமாக அவரும் என்னோடு ஏறிக்கொண்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மலைப்பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். சமவெளியில் சிறுத்தை நன்றாகத்தான் ஓடியது. ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவைத் திக்கித் திணறித் தாண்டினேன். இரண்டாவதிலும் தப்பித்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி மலையே அதிரும்படி ஒரு சத்தம் போட்டது, பிறகு இருமியது, பிறகு நின்றே போனது.

"டீச்சரே, எறங்கட்டா?" என்றார் அக்கா. நான் பதில் சொல்வதற்குள் இறங்கி டயருக்குப் பின்னால் கல்லைப் போட்டுவிட்டார். மேலே தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இவ்வளவு சத்தம் போடுதே, ஏறத் தெரியாதாக்கும்!" என்று ஒருத்தி சொன்னது கீழே வரை கேட்டது. அவளே வந்து தள்ளியும் விட்டாள்.

அடுத்த நாளும் மூன்றாவது வளைவு. அதற்கு அடுத்த நாள் மூன்றாவதைத் தாண்டி ஐந்தாவதில். அக்கா கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுப்பதையே விட்டுவிட்டார். வேர்த்துப் புழுதியோடு போய் நிற்பேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வராந்தாவில் நின்றபடி, "இன்னைக்கும் முதல் பீரியட் போயாச்சு, டீச்சரே," என்பார். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன், வருத்தமாகச் சொல்வார்.

சங்கதி கிள்ளிப்பாலத்துக்குப் போனது. முதலில் ஒர்க்‌ஷாப்காரர் வந்து காரை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறிப் பார்த்தார். பறக்குது என்றார். பிறகு லெக்சரர் ஏறினார். அவரும் பறக்குது என்றார். வீட்டுக்காரர் ஏறிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துப் பறக்குது என்று சொல்லாமல், "வண்டிக்கு ஒண்ணும் இல்ல கேட்டியா," என்றார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார்கள், கிளட்சைப் பார்த்தார்கள், பிளக்கை மாற்றினார்கள். கடைசியில் ஒர்க்‌ஷாப்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் கை படியணும். ஒரு மாசத்துல செரியாயிரும்."

எனக்கு அந்த ஒரு மாசம்தான் இல்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வாற ஞாயித்துக்கிழம மூணு பேரும் என் கூட வண்டியில ஏறணும்," என்றேன். "நான் ஓட்டுதேன். வாயைத் தொறக்காம உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் கை படியணுமா கால் படியணுமான்னு பேசலாம்."

அப்படியே ஏறினார்கள். லெக்சரர் முன்னால், மற்ற இருவரும் பின்னால். மூன்றாவது வளைவு வந்தது. வழக்கம் போல வண்டி கர்ஜித்தது, இருமியது, நின்றது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு பேரும் துக்க வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். லெக்சரர் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, ஒரு காரியம் கேக்கட்டே? வண்டி சத்தம் போட்டப்போ ஆக்சிலேட்டர்ல இருந்து கால் எதுக்கு எடுத்தீங்க?"

"கத்துதே!"

"அதுக்கு?"

"கத்துனா விடாண்டாமா? வலிக்குதுன்னுதானே கத்துது. கிளாஸ்ல ஒரு பிள்ளை கத்துனா நான் இன்னும் போட்டு அமுக்குவனா?"

பின்னால் ஒர்க்‌ஷாப்காரர், "வலிக்குதா? அது பாடுதுல்லா டீச்சர்!" என்றார். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. அவர் பெற்ற பிள்ளையைக் குறை சொன்னது போல.

லெக்சரர் சிரித்தார். சிரித்தவர் கதவைத் திறந்து இறங்கி, சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். நாங்களும் இறங்கினோம். அவர் அங்கே சொன்னதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். குட்டையாகவும் அகலமாகவும் குழாய் வைத்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மூச்சு நன்றாகப் போகும், அங்கே பலம் வரும். மெதுவாகச் சுற்றும்போது அந்த அகலத்துக்குள் புகை சோம்பி நிற்கும், அடுத்ததை இழுக்காது, அங்கே பலம் குறையும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் போகுமே, அது போலக் குழாய் ஒடுங்கியிருந்தால்தான் மெதுவான வேகத்திலும் புகை விரைந்து ஓடும். அவர்கள் மூவரும் சத்தம் கேட்டால் காலை அழுத்துகிறவர்கள். அழுத்தினால் இன்ஜின் வேகத்துக்கு வந்துவிடும், பறக்கும். நான் சத்தம் கேட்டால் காலை எடுக்கிறவள்.

"டீச்சர் ஓட்டுற வேகத்துல இந்த வண்டிக்கு இன்ஜினே இல்ல," என்றார் லெக்சரர். "நம்ம மூணு பேரும் நமக்கு ஒரு வண்டி செஞ்சு வெச்சிட்டு, டீச்சரைக் குத்தம் சொல்லிட்டிருக்கோம்."

எத்தனையோ வருஷம் பாடம் கேட்டிருக்கிறேன். அன்று அவரைக் கும்பிடத் தோன்றியது போல எந்த வாத்தியாரையும் கும்பிடத் தோன்றியதில்லை. தவறு என் கையில் இல்லை, காலில் இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்க நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. மலைக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அப்போ பழைய மாதிரி குழாயையே மாட்டிட்டா என்ன?" என்று கேட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல.

"அது கம்பெனி எல்லாருக்குமா சேத்துச் செஞ்சது," என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "மூட்டையும் ஆளுமா இந்த மலைக்கு அதுவும் மூச்சு வாங்கும். நாம டீச்சருக்கு மட்டும்னு ஒண்ணு செய்வோம்." சொல்லிவிட்டு உடனே முகம் வாடினார். "ஆனா சத்தம் வராதே. எனக்க கடையில இருந்து சத்தமில்லாத வண்டி வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் வருவான்?"

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் முறையாக வாய் திறந்தார். "கழத்திரலாம்," என்றார். அவ்வளவுதான். அந்தக் குழாயைத் துடைத்த வேட்டித் துணி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் குரலில் அது வரவில்லை.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் நானும் கிள்ளிப்பாலத்துக்குப் போனேன். முதுகு சாய்க்கிற ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். மகளுக்கு வாழைக்காய் அப்பம் வரும். அத்தனை வருஷம் நான் பழித்துக்கொண்டிருந்த இடத்தில் என் காலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. மூன்று சிலிண்டரிலிருந்தும் மூன்று ஒல்லிக் குழாய்கள், ஒரே நீளத்தில், நீளமாக இறங்கிக் கீழே ஒன்றாகச் சேர வேண்டும். சேர்ந்தது மறுபடி அகலமாகிவிடக் கூடாது. லெக்சரர் தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்த முதல் குழாய் ஒடுக்கம் கூடிப்போய், சமதரையிலேயே வண்டி சளி பிடித்தது போல இழுத்தது. ஒர்க்‌ஷாப்காரருக்கு அன்று கையில் பிடிக்க முடியாத சந்தோஷம். அடுத்ததை அவர் தன் கண் அளவில் செய்தார். அது கீழே தொங்கித் தோட்டத்துக் கல்லில் அடிபட்டு நசுங்கியது. அன்று லெக்சரர் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் இருவரும் வீம்பை விட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்தார்கள். அகலக் குழாய்க்காகப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருந்த கார்புரேட்டரையும் குறைத்தார்கள்.

ஒவ்வொரு முறையும் என்னைத்தான் ஓட்டச் சொன்னார்கள். பின் சீட்டில் அரிசி மூட்டை, அதன் மேல் என் வீட்டுக்காரர். "இப்போ கத்துதா டீச்சர்?" என்று கேட்பார் ஒர்க்‌ஷாப்காரர். "முனகுது," என்பேன். கழற்றிக் கொண்டுபோய் வெட்டி ஒட்டுவார். "இப்போ?" "லேசா இருமுது." மறுபடி கழற்றுவார். ஒரு நாளும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து நின்றால், "டீச்சருக்க வண்டி நிக்குது, நாளைக்கு வாங்க," என்று அனுப்பிவிடுவார். இத்தனைக்கும் அது முடிந்து வெளியே போகும்போது அவருக்குப் பெருமையாகக் காட்டிக்கொள்ள அதில் ஒன்றுமே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக மாட்டியதைச் சடங்கு இல்லாமல் விட முடியுமா? நான் ஸ்டார்ட் செய்தேன். மூவரும் பின்னால் நின்று கண்ணை மூடினார்கள். ரொம்ப நேரம் யாரும் பெயர் சொல்லவில்லை. பிறகு ஒர்க்‌ஷாப்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மழை. விடியும்போதே ஊரெல்லாம் கொட்டியது. வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர், கல்வி அதிகாரியின் ஜீப் அப்போதுதான் மேலே போயிற்று என்றார். ஹெட்மிஸ்ட்ரஸுக்கே அவர் வருவது தெரியாது. அக்கா மூட்டையை ஏற்றிவிட்டுக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வளைவு போனது தெரியவில்லை. இரண்டாவதில் எதிரே வந்த தோட்டத்து லாரிக்கு ஒதுங்கி, மெதுவாகத்தான் மறுபடி எடுத்தேன். வண்டி சொன்னபடி கேட்டு நகர்ந்தது. மூன்றாவது வளைவில் சாலை முழுக்கச் செம்மண் தண்ணீர். என் கால் தானாக எழும்பப் பார்த்தது. எழும்புவதற்குக் காரணம் இல்லை. வண்டி கத்தவில்லை. அடியில் யாரோ தோளைக் கொடுத்துத் தூக்குவது போல ஒரு பலம், சத்தமில்லாமல், விடாமல் தூக்கிக்கொண்டு போனது. வளைவு முதுகுக்குப் பின்னால் போனது.

"ஏறிட்டுது, டீச்சரே," என்றார் அக்கா, நம்பாமல். ஐந்தாவதையும் தாண்டிய பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தார். சாமிக்குச் சொன்னாரோ, காருக்குச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இன்னும் அடிக்கவில்லை. வராந்தாவில் அதிகாரி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் வெளுத்துப்போய் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்துக்குத் திரும்பிய நிறத்தை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். பிள்ளைகள் பழக்கதோஷத்தில் பக்கத்து அறை வாசலில் வரிசை கட்டியிருந்தார்கள். "இங்க வாங்க," என்றேன். ஓடி வந்தார்கள்.

அதிகாரி பின் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பீரியட் முழுவதும் பார்த்தார். அந்த வாரம் இன்னும் ஒரு நாள் சொல்லாமல் வந்தார். அடுத்த வாரமும் வந்தார், மழையும் வந்தது, நானும் மணிக்கு முன்னால் அங்கே இருந்தேன். அன்று போகும்போது ஹெட்மிஸ்ட்ரஸிடம், தமிழ் வகுப்பை அடுத்த வருஷத்துக்கும் எழுதிவிடலாம் என்று சொன்னார். டீச்சர் தோட்டத்தில் எங்கே தங்கியிருக்கிறார் என்று விசாரித்தார். தினமும் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறேன் என்றதும் நம்பவில்லை. "எப்படி?" என்றார். மூன்று பேர் சேர்ந்து எனக்கு ஒரு வண்டி செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் தம்பானூரில் பஸ் நின்றபோதும் மழை விடவில்லை. வீட்டுக்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றிருந்தார். வழக்கமாக வீட்டில்தான் இருப்பார், அன்று கடையிலிருந்து நேரே வந்து, பக்கத்து வீட்டிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இறங்கிய இடத்திலேயே சொன்னேன்: "கிளாஸ் இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "இன்னைக்கு மழையில மூணாவது வளைவு எந்த கியர்ல ஏறிச்சு?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா! வேலை நிலைத்தது, வகுப்பு நிலைத்தது, அதைச் சொல்கிறேன், இந்த மனிதர் கியரைக் கேட்கிறார். நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. அப்போது அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஊரில் மழை பிடித்த நேரத்திலிருந்து அவர் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தபடியே என்னோடு அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாவது வளைவில் வண்டி நின்றதா போனதா என்று தெரியாமல், நாள் முழுக்க அங்கேயே நின்றிருக்கிறார். மற்றதையெல்லாம் கேட்க அவருக்கு இந்த ஒரு கேள்விதான் தெரியும்.

நன்றி என்று சொல்லியிருந்தால் அவர் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்திருப்பார். அதனால் அதை அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"செகண்ட்ல," என்றேன். "காலை எடுக்கவே இல்ல."

அவர் என் கையிலிருந்த நனைந்த பையை வாங்கிக்கொண்டார். "முதல்ல இருந்து சொல்லு," என்றார். அத்தனை ஜனத்துக்கு நடுவில், ஆட்டோக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு வளைவாக நான் சொல்ல ஆரம்பித்தேன்.